செகண்ட் ஹேண்ட் லக்ஷரி எஸ்யூவி: யானை 20 லட்சம்தான், தீனி எவ்வளவு?



அப்ரைசல் முடிஞ்சு சம்பளம் ஏறின மாசம், ஆபீஸ் லஞ்ச் டேபிள்ல இந்தப் பேச்சு கண்டிப்பா வரும். "மச்சான், புது காம்பாக்ட் எஸ்யூவி டாப் மாடல் எடுக்கிற காசுல 2016 ஆடி க்யூ7 எடுத்துடலாம்டா!" கையோட மொபைல்ல போட்டோவும் காட்டுவாங்க. வெள்ளைக் கலர், லெதர் சீட், தலைக்கு மேல பெரிய சன்ரூஃப், ஏழு பேர் உட்காரலாம்.

கணக்கும் பார்க்க நல்லாத்தான் இருக்கு. இந்த ரெண்டாம் தலைமுறை க்யூ7, 2015 டிசம்பர்ல இந்தியாவுக்கு வந்தப்போ எக்ஸ்-ஷோரூம் விலையே 72 லட்சத்துல ஆரம்பிச்சுது. அதே வண்டி இன்னைக்கு 20 லட்சம்னு வச்சுக்குவோம். கண்டிஷன், கிலோமீட்டரைப் பொறுத்து முன்னப் பின்ன இருக்கும். 50 லட்சத்துக்கு மேல தள்ளுபடி! யாருக்குத்தான் ஆசை வராது?

வாங்காதீங்கன்னு சொல்றதுக்காக இதை எழுதல. சரியா வாங்கி, சரியாப் பராமரிச்சு, சந்தோஷமா ஓட்டுறவங்க நிறையப் பேர் இருக்காங்க. ஆனா அவங்க எல்லாருக்கும் ஒரு விஷயம் நல்லாத் தெரியும். வயசாக ஆக வண்டியோட விலைதான் இறங்கும். அதை ஓட்டுறதுக்கான செலவு இறங்காது. நீங்க வாங்குறது 20 லட்ச ரூபாய்க்கு. பராமரிக்கப் போறது 72 லட்ச ரூபாய் வண்டியை.

நம்ம ஊர்ல "யானையைக் கட்டித் தீனி போடுறது"ன்னு சொல்வாங்க இல்ல, அதேதான். யானையோட விலையைப் பார்த்தாச்சு. தீனிக் கணக்கை இப்போ போடுவோம்.

விலை ஏன் இப்படி விழுது?

முதல் காரணம் வரி. புதுசா ஒரு பெரிய எஸ்யூவி வாங்குறவர் கட்டுற விலையில பெரிய பங்கு அரசாங்கத்துக்குப் போகுது. 2025 செப்டம்பர் 22 வரைக்கும் ஜிஎஸ்டியும் செஸ்ஸும் சேர்ந்து 50%, அதுக்கு அப்புறம் 40%. தமிழ்நாட்டுல லைஃப் டாக்ஸ் தனி. 20 லட்சத்துக்கு மேல விலையுள்ள புது கார்னா இப்போ 20%. இதையெல்லாம் கட்டினவர் முதல் ஓனர். ரெண்டாவதா வாங்குறவர் அந்த வரியை மதிச்சு முழுக் காசும் கொடுக்க மாட்டார். அதோட, வரி குறைஞ்சு புது வண்டி விலை இறங்கினா பழைய வண்டி விலையும் கூடவே இறங்கிடும்.

ரெண்டாவது காரணம், முதல் ஓனர் யாருங்கிறது. இந்த வண்டிகள்ல நிறைய கம்பெனி பேர்லயோ, தொழில் பண்றவங்க பேர்லயோ பதிவாகி இருக்கும். தொழிலுக்குப் பயன்படுத்துற காருக்கு வருமான வரிக் கணக்குல வருஷத்துக்கு 15% தேய்மானம் காட்டலாம். சர்வீஸ், இன்சூரன்ஸ், டயர் எல்லாத்தையும் தொழில் செலவுல எழுதலாம். நாலஞ்சு வருஷத்துல அடுத்த மாடலுக்கு மாறிடுவாங்க.

இங்க நிறையப் பேர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கு. 30% வரி வரம்புல இருக்கிற தொழிலதிபருக்கு 2 லட்ச ரூபா ரிப்பேர் பில் வந்தா, அதைச் செலவாக் காட்டி 60 ஆயிரம் ரூபாய்க்கு மேல வரி மிச்சம் பண்ணிடுவார். அதே 30% வரம்புல இருக்கிற உங்களுக்கு அந்த வசதி கிடையாது. செஸ்ஸையும் சேர்த்தா, 2 லட்சம் பில் கட்ட நீங்க சுமார் 2.9 லட்சம் சம்பாதிச்சாகணும். அவர் கைமாத்தி விட்ட செலவை, வரி கட்டின மிச்சப் பணத்துல இருந்து நீங்க பார்க்கப் போறீங்க.

மூணாவது காரணம், வாரண்டி. வாரண்டி முடியிற சமயத்துல விக்கிறவங்க நிறைய, வாங்குறவங்க கம்மி. அதனால விலை விழுது. மார்க்கெட் முட்டாள் இல்லைங்க. அந்தத் தள்ளுபடிக்குள்ள, இனிமே வரப்போற ரிப்பேர் செலவும் அடங்கியிருக்கு.

சந்தோஷம் நிஜமாவே சந்தோஷம்தான்

இதை ஒளிச்சு வைக்கிறதுல அர்த்தம் இல்ல. அந்த க்யூ7-ல இருக்கிறது 3 லிட்டர் வி6 டீசல் இன்ஜின். 249 குதிரைத்திறன், 600 நியூட்டன் மீட்டர் டார்க். எட்டு கியர் ஆட்டோமேட்டிக். திருச்சி ஹைவேல 100-ல போகும்போது இன்ஜின் 1,500 ஆர்பிஎம் பக்கம்தான் சுத்திக்கிட்டிருக்கும். உள்ளே குழந்தை தூங்கினா முழிக்காது. முன்னால ஒரு லாரி, எதிர்ல கொஞ்சம் இடைவெளி. காலை லேசா அழுத்தினாப் போதும், ஓவர்டேக் முடிஞ்சிருக்கும். சென்னையில காலை கிளம்பி மதுரையில இறங்கும்போது இடுப்பு வலி இருக்காது.

பாதுகாப்பும் சும்மா இல்ல. யூரோ என்சிஏபி சோதனையில 5 ஸ்டார் வாங்கின வண்டி. அப்பா அம்மாவைப் பின்சீட்டுல உட்கார வச்சுக் குலதெய்வம் கோவிலுக்குக் கூட்டிட்டுப் போறதும், கல்யாண மண்டப வாசல்ல வண்டி நிக்கும்போது சொந்தக்காரங்க திரும்பிப் பார்க்கிறதும் சந்தோஷம்தான். அபார்ட்மென்ட் வாட்ச்மேன் போடுற சல்யூட் கூட கொஞ்சம் அழுத்தமா இருக்கும்!

இந்தச் சந்தோஷத்துக்கு ஒரு விலை உண்டு. அந்த விலை மாசாமாசம் எப்படி வரும்கிறதுதான் நம்ம கேள்வி.

இந்த வண்டிங்க ஏன் படுத்துது?

"ஜெர்மன் கார், அதான் கெட்டுப் போகுது"ன்னு ஒரே வரியில சொல்லிடுவாங்க. அது காரணம் ஆகாது. நாலு விஷயம் இருக்கு. இதைப் புரிஞ்சுக்கிட்டா வாங்கும்போது எதைப் பார்க்கணும்னு தானாவே தெரியும்.

1. ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் கிலோமீட்டர் தெரியாது, வயசுதான் தெரியும். கூலன்ட் ஹோஸ், கேஸ்கெட், ஆயில் சீல், சஸ்பென்ஷன் புஷ் எல்லாம் சூட்டுல காய்ஞ்சு விரிசல் விடும். நம்ம ஊர் வெயில்ல கேட்கவே வேண்டாம். "வெறும் 45,000 கிலோமீட்டர்தான் சார், டாக்டர் ஓட்டின வண்டி, சிங்கிள் ஓனர்"னு புரோக்கர் சொல்லுவார். பத்து வருஷ வண்டியில அந்த 45,000 பெரிய பிளஸ் பாயின்ட் கிடையாது. டிராஃபிக்ல ரெண்டு கிலோமீட்டர் போறது, ஆஃப் பண்றது, மறுபடி ஸ்டார்ட் பண்றதுன்னே ஓடியிருந்தா, ஹைவேல ஒரு லட்சம் ஓடின வண்டியை விட அது மோசமாக்கூட இருக்கலாம். பிஎஸ்6 டீசல்னா இன்னும் கவனம். அதுல புகையை வடிகட்டுற டிபிஎஃப்-னு ஒரு ஃபில்டர் இருக்கு. அதுல சேர்ற கரி எரியணும்னா அப்பப்போ ஹைவேல நல்லா ஓடணும். ஊருக்குள்ளயே சுத்துற வண்டியில அது அடைச்சுக்கும்.

2. சின்னக் கோளாறு பெரிய கோளாறை இழுத்துட்டு வரும். இதுக்கு நல்ல உதாரணம் ஏர் சஸ்பென்ஷன். சாதாரண வண்டியில இரும்பு ஸ்பிரிங் இருக்கிற இடத்துல, இதுல காத்து அடைச்ச ரப்பர் பை இருக்கும். ஒரு கம்ப்ரஸர் அதுக்குக் காத்து கொடுக்கும். வருஷம் போகப் போக ரப்பர்ல நூல் மாதிரி விரிசல் விழும், மெதுவா காத்து கசியும். இறங்கின வண்டியைத் தூக்கி நிறுத்த கம்ப்ரஸர் அடிக்கடி ஓடும். அது ஓயாம ஓட வடிவமைச்சது இல்ல. கொஞ்ச மாசத்துல அதுவும் போயிடும். ஒரு பையை மாத்தி முடிச்சிருக்க வேண்டிய வேலை, கம்ப்ரஸரையும் சேர்த்து மாத்துற வேலையாகிடும். அதனாலதான் இந்த வண்டியில "அடுத்த மாசம் பார்த்துக்கலாம்"ங்கிற வார்த்தைக்கு விலை அதிகம்.

3. பொருள் மலிவு, கூலி கனம். மெர்சிடிஸோட பல எஸ்யூவிகள்ல வந்த ஓஎம்642 வி6 டீசல் இன்ஜினைப் பாருங்க. அதுல ஆயில் கூலர் சீல் கசியிறது மெக்கானிக்குங்க எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். சீலோட விலை ரொம்பக் கம்மி. ஆனா அந்தக் கூலர் உட்கார்ந்திருக்கிறது 'வி' வடிவ இன்ஜினோட நடுப் பள்ளத்துல, டர்போவுக்கெல்லாம் கீழே. அங்க போய்ச் சேர மேல இருக்கிற எல்லாத்தையும் கழட்டணும். பிஎம்டபிள்யூ எக்ஸ்5-ல வந்த என்57 டீசல்லயும் இதே கதை. டைமிங் செயின் இன்ஜினோட முன்பக்கம் இல்லாம பின்பக்கம், கியர்பாக்ஸ் ஓரமா இருக்கும். செயின்ல சத்தம் வந்தா கியர்பாக்ஸையோ இன்ஜினையோ இறக்கித்தான் ஆகணும். பார்ட் விலையை மட்டும் இன்டர்நெட்ல தேடிப் பார்த்துட்டு "அவ்ளோதானா"ன்னு நினைக்கிறவங்க மாட்டுற இடம் இது.

4. எல்லாமே கம்ப்யூட்டர். பேட்டரி மாத்தினாக் கூட, புது பேட்டரி போட்டாச்சுன்னு பிஎம்டபிள்யூல ஸ்கேனர் வச்சுப் பதிவு பண்ணணும். இல்லைன்னா வண்டி பழைய பேட்டரின்னு நினைச்சே சார்ஜ் பண்ணும், புது பேட்டரி சீக்கிரம் போகும். புதுப்பேட்டையில கழட்டின பார்ட்ஸ் மலிவாக் கிடைக்கும்தான். கதவு, கண்ணாடி, சீட்டுக்கு அது ஓகே. ஆனா எலக்ட்ரானிக் மாட்யூல் நிறைய, தன்னோட ஒரிஜினல் வண்டி நம்பரோட பிணைஞ்சிருக்கும். சும்மா மாட்டினா வேலை செய்யாது. அந்த பிராண்டுக்கான சாஃப்ட்வேர் வச்சுக் கோடிங் பண்ணத் தெரிஞ்ச ஆள் வேணும்.

உண்மையான தலைவலி: சம்பளம் சமமா வரும், பில் சமமா வராது

நிதி கோணத்துல இதுதான் இந்தக் கட்டுரையோட மையம்.

இஎம்ஐ எவ்வளவு பெருசா இருந்தாலும் ஒரு நல்ல குணம் உண்டு: தேதி தெரியும், தொகை தெரியும். ரிப்பேர் பில்லுக்கு ரெண்டுமே கிடையாது. முதல் வருஷம் 60 ஆயிரம்தான் ஆச்சுன்னு வைங்க. "எல்லாரும் சும்மா பயமுறுத்துறாங்கப்பா"ன்னு தோணும். ரெண்டாவது வருஷம் ஒரே மாசத்துல 3.4 லட்சம் எஸ்டிமேட் வரும். ரெண்டு வருஷ சராசரி 2 லட்சம். பேப்பர்ல பார்த்தா சமாளிக்கக் கூடியதுதான். ஆனா மாசாமாசம் ஒரே சம்பளம் வாங்குறவருக்கு சராசரியா பில் வராதே! மொத்தமா அந்த ஒரு மாசத்துலதானே வரும்.

அப்போ என்ன நடக்கும்? கிரெடிட் கார்டைத் தேய்ப்பாங்க. முழுசாக் கட்ட முடியலைன்னா மாசம் 3%-க்கு மேல வட்டி, வருஷத்துக்கு 36%-லிருந்து 45% வரை போகும். இல்ல பர்சனல் லோன். இல்ல, ஆசையா ஆரம்பிச்ச எஸ்ஐபியை உடைப்பாங்க. இன்னும் சிலர் வண்டியை அப்படியே ஒர்க்ஷாப்லயே மாசக்கணக்கா விட்டுடுவாங்க. இஎம்ஐ மட்டும் தவறாமப் போகும், ஓட்ட வண்டி இருக்காது. இந்த வண்டியால கஷ்டப்பட்டவங்கள்ல பல பேர் செலவு அதிகம்கிறதால கவுந்தவங்க இல்ல. செலவு வந்த நேரத்துல கையில பணம் இல்லாததால கவுந்தவங்க.

ஒரு மாசக் கணக்கு போடுவோம்

20 லட்ச ரூபா வண்டி. 5 லட்சம் கையிலிருந்து, 15 லட்சம் யூஸ்டு கார் லோன். இந்த லோனுக்கு புது கார் லோனை விட வட்டி அதிகம். 13%, 5 வருஷம்னு எடுத்துக்குவோம். கீழே இருக்கிற மத்தத் தொகைகளும் உதாரணம்தான். உங்க மாடலுக்குத் தக்க மாத்திக்கோங்க.

இஎம்ஐ: சுமார் 34,100
டீசல்: மாசம் 1,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 10 கிலோமீட்டர், லிட்டர் 93 ரூபா. ஆக 9,300
இன்சூரன்ஸ்: வருஷம் 60,000. மாசத்துக்கு 5,000
வழக்கமான சர்வீஸ், டயர், பிரேக், பேட்டரிக்கு ஒதுக்கீடு: 7,000
எதிர்பாராத ரிப்பேர் நிதி: 15,000

மொத்தம்: மாசம் 70,400 ரூபா. டோல், பார்க்கிங், வண்டி கழுவுறவருக்குக் கொடுக்கிறது எதுவும் இதுல இல்ல. அஞ்சு வருஷத்துல வட்டியா மட்டும் சுமார் 5.5 லட்சம் போயிருக்கும்.

கையில 1.5 லட்சம் சம்பளம் வாங்குறவருக்கு இது 47%. வீட்டு வாடகை, சாப்பாடு, அம்மா அப்பாவுக்கு அனுப்புறது, சேமிப்பு எல்லாத்தையும் மீதி 53%-லதான் பார்க்கணும். அதுக்குப் பேர் கார் வச்சிருக்கிறது இல்லைங்க, காருக்கு வேலை பார்க்கிறது.

நான் சொல்ற அளவுகோல் இது. காருக்கான மொத்த மாசச் செலவு, இஎம்ஐயும் சேர்த்து, கைக்கு வர்ற சம்பளத்துல 20%-ஐத் தாண்டக் கூடாது. அப்படின்னா இந்த வண்டியை லோன் போட்டு வாங்க மாசம் 3.5 லட்சம் கைக்கு வரணும். லோனே இல்லாம முழுப் பணமும் கொடுத்து வாங்கினா மாசச் செலவு 36,300. அதுக்கு 1.8 லட்சம் சம்பளம் போதும். பாருங்க, அதே வண்டிதான். லோன் இருக்கா இல்லையாங்கிறதுல தகுதியே பாதியா மாறிடுது. அதனால என் பதில் தெளிவு: வாரண்டி முடிஞ்ச லக்ஷரி வண்டியைப் பெரிய லோன்ல வாங்காதீங்க. நிச்சயமான இஎம்ஐயும் நிச்சயமில்லாத ரிப்பேரும் ஒரே சம்பளத்துல உட்கார இடம் பத்தாது.

இன்சூரன்ஸ் இருக்கே, அது பார்த்துக்காதா?

பார்த்துக்காது. தேய்மானத்தால வர்ற கோளாறு, மெக்கானிக்கல் பிரேக்டவுன் ரெண்டுமே சாதாரண மோட்டார் இன்சூரன்ஸ்ல கிடையாது. ஏர் சஸ்பென்ஷன் இறங்கினாலும், கியர்பாக்ஸ் இடிச்சாலும் உங்க பாக்கெட்தான்.

விபத்துக்கு க்ளெய்ம் உண்டு. ஆனா அங்கயும் வயசு குறுக்கே வரும். ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரி, ஏர்பேக் இதுக்கெல்லாம் 50% தேய்மானம் கழிப்பாங்க. 5 வருஷம் தாண்டி 10 வருஷத்துக்குள்ள இருக்கிற வண்டியோட உலோகப் பாகங்களுக்கு 40%, 10 வருஷம் தாண்டினா 50%. பம்பர் மாத்த 60,000 ஆச்சுன்னா 30,000 உங்க செலவு. 1,500 சிசிக்கு மேல உள்ள கார்ல கட்டாயக் கழிவு 2,000 தனி. இந்தத் தேய்மானத்தைத் தவிர்க்கிற ஜீரோ டெப் கவரை பழைய வண்டிக்குப் பல கம்பெனிகள் கொடுக்கிறது இல்ல. 5 வருஷம் தாண்டின வண்டிக்கு ஐடிவியும் நீங்களும் கம்பெனியும் பேசி முடிவு பண்றதுதான். பிரீமியம் குறையணும்னு அதைக் கம்மியா வச்சுக்காதீங்க. வண்டி மொத்தமாப் போனா வர்றது அந்தத் தொகைதான்.

சென்னையில இருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. இன்ஜின் ப்ரொடெக்ட் கவர் கிடைச்சா விடாதீங்க. 2015 வெள்ளத்துலயும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்லயும் தண்ணியில நின்ன கார்கள் எத்தனைன்னு நாம பார்த்தோம். தண்ணியில நின்ன வண்டியை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கிறதுதான் இன்ஜினைக் கொல்லும். டோ வண்டியைக் கூப்பிடுங்க.

வாங்கியே ஆகணும்னா, இந்த வரிசையில போங்க

முதல்ல மெக்கானிக், அப்புறம் கார். அந்த பிராண்டை மட்டுமே பார்க்கிற, அதுக்கான ஸ்கேனர் வச்சிருக்கிற தனி ஒர்க்ஷாப்பைக் கண்டுபிடிங்க. உங்க ஊர்ல அப்படி ஒரு இடம் இல்ல, பக்கத்து நகரத்துக்கு டோ பண்ணித்தான் போகணும்னா, அந்தச் செலவும் உங்க கணக்குல வரணும்.

அஞ்சு பொருளுக்கு விலை கேளுங்க. முன்பக்க ஏர் ஸ்பிரிங் ஒண்ணு, கம்ப்ரஸர், கியர்பாக்ஸ் ஆயில் சர்வீஸ், நாலு டயர், ஒரு ஹெட்லைட் முழு யூனிட். கூலியோட சேர்த்து எழுதி வாங்குங்க. அஞ்சையும் கூட்டுங்க. அந்தத் தொகையை வண்டி வாங்குற அன்னைக்கே தனி அக்கவுன்ட்லயோ லிக்விட் ஃபண்ட்லயோ போட உங்களால முடியுதா? முடிஞ்சா மேல போங்க. முடியலைன்னா, உங்க பட்ஜெட் 20 லட்சம் இல்ல. 20 லட்சத்துல இருந்து இந்தத் தொகையைக் கழிச்சு வர்றதுதான் உங்க பட்ஜெட். கியர்பாக்ஸ் ஆயிலை ஏன் சேர்த்தேன்னா, "லைஃப்டைம் ஆயில், மாத்தவே வேண்டாம்"னு சொல்லி நிறைய வண்டியில மாத்தாமலே விட்டிருப்பாங்க. அந்த எட்டு கியர் பெட்டியைச் செய்யிற இஸட்எஃப் கம்பெனியே 80,000-லிருந்து 1,20,000 கிலோமீட்டருக்குள்ள மாத்தச் சொல்லுது.

ரெண்டு நாள் பாருங்க. முந்தின நாள் சாயங்காலம் வண்டியைச் சமதளத்துல நிறுத்தி, நாலு சக்கரத்துக்கும் மேல இருக்கிற இடைவெளியை டேப் வச்சு அளந்து எழுதிக்கோங்க. மறுநாள் காலையில, ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி திரும்ப அளங்க. ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தா கசிவு இருக்கு. அப்படியே கோல்டு ஸ்டார்ட்டும் பார்த்துடலாம். போறதுக்கு முன்னாடியே இன்ஜினைச் சூடு பண்ணி வச்சிருந்தா, ஏன்னு கேளுங்க.

லிஃப்ட்ல ஏத்தி, ஸ்கேன் பண்ணுங்க. கீழே ஆயில் கசிவு, சஸ்பென்ஷன் புஷ், துரு. ஸ்கேன்ல எல்லா மாட்யூலும் பேசுதான்னு பாருங்க. எல்லா எரரும் நேத்துதான் அழிச்ச மாதிரி சுத்தமா இருந்தாலும் சந்தேகப்படலாம். தண்ணியில மூழ்கின வண்டியான்னு தெரிய சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுங்க, அடியில சேறு கறை இருக்கும். சீட்டு ரெயில்ல துரு, கார்ப்பெட்டுக்குக் கீழ ஈரம், நமத்த வாசனை எல்லாம் காட்டிக் கொடுக்கும். இதுக்கு ஒர்க்ஷாப் கேட்கிற சில ஆயிரம் ரூபா, இந்த டீல்லயே நீங்க பண்ற நல்ல முதலீடு.

பேப்பரைப் பாருங்க. சர்வீஸ் ஹிஸ்டரி, இன்சூரன்ஸ் க்ளெய்ம், ஆர்சில பேங்க் அடமானம் நீக்கியிருக்கா, பாக்கி சலான் எல்லாம்.

டெல்லி வண்டின்னா ரெண்டு தடவை கணக்குப் போடுங்க. டெல்லி சுத்துவட்டாரத்துல 10 வருஷம் தாண்டின டீசல் வண்டிக்குப் பசுமைத் தீர்ப்பாயம் போட்ட தடையை 2018-ல உச்ச நீதிமன்றமும் ஏத்துக்கிட்டது. 2025-ல கொஞ்சம் தளர்வு வந்தாலும், அந்தப் பயத்தாலயே எட்டொன்பது வருஷ டீசல் வண்டிங்க அங்க மலிவாக் கிடைக்கும். ஆனா தமிழ்நாட்டுக்குக் கொண்டு வந்தா என்ஓசி வாங்கணும். 12 மாசத்துக்கு மேல இங்க வச்சிருந்தா இங்க பதிவு மாத்தணும், லைஃப் டாக்ஸ் கட்டணும். வண்டி வயசுக்குத் தக்க வரி குறையும். ஆனா கணக்கு ஆரம்பிக்கிறது நீங்க கொடுத்த விலையில இருந்து இல்ல, வண்டியோட அசல் விலையில இருந்து. ஆர்டிஓ ஆபீசுக்கும் இது 72 லட்ச ரூபா வண்டிதான்! அந்தத் தொகையைச் சேர்த்த பிறகும் டெல்லி வண்டி மலிவுதானான்னு பாருங்க.

கொஞ்சம் குறைச்சு ஆசைப்பட்டா நிறைய மிச்சம்

எல்லா லக்ஷரி எஸ்யூவியும் ஒரே ரிஸ்க் இல்ல. 10 வருஷப் பெரிய எஸ்யூவிக்குப் பதிலா, அதே காசுல அஞ்சு வருஷம் ஆன சின்ன லக்ஷரி எஸ்யூவி தேடலாம். பிஎம்டபிள்யூ எக்ஸ்1, ஆடி க்யூ3, மெர்சிடிஸ் ஜிஎல்ஏ மாதிரி. நாலு சிலிண்டர் இன்ஜின், இரும்பு ஸ்பிரிங், சின்ன டயர். கெட்டுப் போகக்கூடிய பொருளே கம்மி. கம்பெனியோட சான்றளிச்ச பழைய கார் பிரிவுல வாரண்டியோட கிடைச்சா, விலை ஒண்ணு ரெண்டு லட்சம் கூட இருந்தாலும் சம்பளக்காரங்களுக்கு அது நல்ல பேரம். ஏன்னா நீங்க அங்க வாங்குறது நிச்சயத்தை.

வருஷத்துக்கு நாலு தடவை ஊருக்குப் போகத்தான் பெரிய வண்டி வேணும்னா, அந்த நாலு தடவையும் செல்ஃப் டிரைவ் வாடகைக்கு எடுத்தாலே போதும். சல்யூட் அன்னைக்கும் கிடைக்கும்.

வாங்கின பிறகு மூணு பழக்கம். ஒண்ணு, ரிப்பேர் நிதிக்கு 15,000-ஐச் சம்பளம் வந்த அன்னைக்கே ஆட்டோமேட்டிக்கா ஒதுக்குங்க. அதை ரெண்டாவது இஎம்ஐன்னு நினைச்சுக்கோங்க. ரிப்பேர் வராத மாசமும் அது நிக்கக் கூடாது. ரெண்டு, ஆபீஸ் போக வேற வழி வச்சிருங்க, ஒரு பழைய ஸ்கூட்டராவது. பார்ட் வர மூணு வாரம் ஆகும்னு சொல்லும்போது பதறி, சொன்ன விலைக்குத் தலையாட்ட வேண்டி வராது. மூணு, வெளியேறுற கோட்டை இன்னைக்கே எழுதி வைங்க. ஒரே ரிப்பேரோட எஸ்டிமேட் வண்டியோட இன்றைய விலையில கால்வாசியைத் தாண்டினா, உணர்ச்சிவசப்படாம, சரி பண்றதா இல்ல அப்படியே விக்கிறதான்னு பேப்பர்ல கணக்குப் போட்டு முடிவு பண்ணணும். "இவ்ளோ செலவு பண்ணிட்டோமே"ங்கிறது போன காசு. அது அடுத்த செலவுக்குக் காரணம் ஆகாது.

இந்த வாரம் செய்ய வேண்டிய வேலை ஒண்ணே ஒண்ணு. ஆசைப்பட்ட மாடலை மனசுல வச்சுக்கிட்டு, அந்த அஞ்சு பொருளோட விலையைக் கேட்டு வாங்கி, உங்க சேவிங்ஸ் பேலன்ஸ் பக்கத்துல எழுதுங்க. பேலன்ஸ் ஜெயிச்சா தைரியமா டெஸ்ட் டிரைவ் போங்க, அனுபவிங்க. எஸ்டிமேட் ஜெயிச்சா வருத்தப்பட ஒண்ணும் இல்ல. ஒவ்வொரு வருஷமும் அந்த வண்டியோட விலை இறங்கும், உங்க சம்பளம் ஏறும். காத்திருக்கிறவங்க பக்கம்தான் காலம் இருக்கு.